எண்ணப்படாத ஆடுகள்

ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் தொகை குறைந்துவருகிறது என்னும் கவலை நம் பங்குகள் பலவற்றில் இன்று வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கோவிலின் பின்புறத்தில் விரிப்பதற்கென வைத்த பாய்கள் பல வாரங்களில் சுருட்டியபடியே கிடக்கின்றன. பாடற்குழுவில் இளைஞர் குரல் அருகிவிட்டது. உறுதிப்பூசுதல் பெறும் நாள்வரை தவறாமல் வரும் பிள்ளைகள், அந்நாளையே விடைபெறும் நாளாக்கிக்கொண்டு, மறைக்கல்வி வகுப்பையும் கோவிலையும் ஒருசேர விட்டுவிடுகிறார்கள். வருகிற ஆண்களிலும் ஒரு சிலர், மறையுரை தொடங்கியதும் வெளியே மரநிழலுக்குச் சென்று, அது முடிந்தபின் உள்ளே திரும்புகிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. கைபேசி வந்து இளைஞரைக் கெடுத்துவிட்டது என்பர் சிலர். ஞாயிற்றுக்கிழமையிலும் தனிப்பயிற்சி வகுப்பு வைத்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பர் வேறு சிலர். பெந்தகோஸ்தே சபைகள் ஆட்களை இழுத்துக்கொள்கின்றன என்பதும், கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே திருப்பலி கண்ட பழக்கம் விடவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் குரல்கள். இவை எவையும் முழுப் பொய்யல்ல. ஆனால் இவை எல்லாவற்றிற்கும் ஒரு பொது இயல்பு உண்டு. இவற்றின்படி குற்றவாளி எப்போதும் கோவிலுக்கு வெளியே இருப்பவர். உள்ளே இருக்கும் நம்மைப் பற்றி இவ்விடைகள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதனாலேயே அவை நமக்கு இனிக்கின்றன.

நம் வாதம் வேறு. நம்பிக்கை வற்றியதால் மக்கள் கோவிலை விட்டு விலகவில்லை. தாம் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே எவருக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்பதைக் கண்டுகொண்டதால் விலகுகிறார்கள். அவர்கள் விலகியதை நாம் அறியவும் இல்லை. ஏனெனில் நாம் எண்ணுவதில்லை, எண்ணாததால் தேடுவதில்லை, தேடாததால், போனவரின் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டதும் இல்லை.

சாட்டப்படும் காரணங்கள்

முதலில் நேரமின்மை என்னும் காரணத்தை எடுத்துக்கொள்வோம். உழைப்பும் ஓட்டமும் மிகுந்த வாழ்வில் மனிதர் இறைவனை மறந்துவிடுகிறார்கள் என்பது உண்மையாயின், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள்தாம் முதலில் மறந்திருக்க வேண்டும். துபாயிலுள்ள புனித மரியன்னை ஆலயத்தில் பல மொழிகளில் திருப்பலி நடைபெறுகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அந்நாட்டில் நெடுங்காலம் வெள்ளிக்கிழமையே வார விடுமுறையாக இருந்தது. 2022 ஜனவரியில்தான் அது சனி, ஞாயிறு என மாற்றப்பட்டது. அதுவரை வெள்ளியன்றே பெருந்திரளாகக் கூடி ஞாயிறு வழிபாட்டை நிறைவேற்றி வந்தவர்கள் நம்மவர்கள். ஆறு நாள் வெயிலில் வெந்து, கிடைத்த ஒரே ஓய்வு நாளில் பேருந்தேறி வந்து நிற்கும் இவ்விளைஞருள், சொந்த ஊரில் மறையுரையின்போது மரநிழலில் நின்றவரும் உண்டு. அங்கே அவர்களை வரவைத்தது எது? அங்கே ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். வழிகாட்ட, பாட, வாசிக்க, புதிதாய் வந்தவரைச் சேர்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் அறைத்தோழர் மூலம் விசாரிப்பு வருகிறது. உள்ளூரில் இந்தத் தேவையே இல்லாமற்போயிற்று. நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தம்மை வேண்டியிருக்கும் இடத்திற்கு மனிதர் நேரத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, பிற சபைகள் மீதான குற்றச்சாட்டு. பணம் கொடுத்தார்கள், ஆசை காட்டினார்கள் என்றெல்லாம் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சென்றவரிடம் சற்று அமர்ந்து பேசினால் வேறு கதை வெளிப்படும். கணவனின் குடி, பிள்ளையின் நோய், கடன் தந்தவரின் வசவு இவற்றால் நொந்திருந்த ஒரு பெண், அங்கே சென்ற முதல் நாளிலேயே பெயர் கேட்கப்பட்டாள். அவளது துன்பத்தைச் சொல்லச் சொன்னார்கள். அதைப் பெயர் சொல்லிச் செபித்தார்கள். வாரத்தின் நடுவில் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். நம் கோவிலிலோ இருபது ஆண்டுகள் அதே தூணின் அருகில் முழந்தாளிட்டும் அவள் பெயர் எவருக்கும் தெரியாது. அச்சபைகளின் போதனையில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆனால் பெயர் கேட்பது அவர்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் மேய்ப்பரைப் பற்றி யோவான் நற்செய்தியில் நாம்தானே வாசிக்கிறோம்!

கொரோனாவைப் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் கோவில் கதவுகள் அடைபட்டன. திரையில் திருப்பலி கண்டோம், நற்கருணைக்கு ஏங்கினோம். கதவுகள் மீண்டும் திறந்தபோது சிலர் திரும்பவில்லை. பெருந்தொற்று அவர்களை இழுத்துச் செல்லவில்லை. அது நம்மைச் சோதித்தது. யார் திரும்பினார், யார் திரும்பவில்லை, திரும்பாதவர் நோயுற்றாரா, வேலையிழந்தாரா, துயரத்தில் மூழ்கினாரா என்று வீடு வீடாகச் சென்று கேட்ட பங்குகள் எத்தனை? கேட்டவை உண்டு, அவற்றை வணங்குகிறோம். கேளாத பங்குகள், காலி இருக்கைகளைக் கண்டு காலத்தைக் குறைகூற உரிமையற்றவை.

திருவிழாக் கூட்டம் தரும் மயக்கம்

‘மக்கள் எங்கே குறைந்துவிட்டார்கள்? வேளாங்கண்ணிக்குப் போய்ப் பாருங்கள்’ என்று சொல்வோர் உண்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா வரை அங்கே திரளும் கூட்டம் கண்கொள்ளாக் காட்சிதான். காவியுடை உடுத்து நூறு கல் தொலைவு நடந்துவரும் கால்களில் உள்ள நம்பிக்கையை இகழ நாம் துணியோம். நம் சிற்றூர்களிலும் தேர்பவனி நாளில் தெருக் கொள்ளாத கூட்டம் உண்டு. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்வோர் அன்றைக்கு ஊர் திரும்புகிறார்கள். இது நம் வாதத்திற்கு எதிரான சான்று அன்று. அதற்கே வலுச் சேர்ப்பது. நம்பிக்கை இருக்கிறது என்பதைத் திருவிழா காட்டுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஞாயிற்றுக்கிழமையில் இடம் கிடைக்கவில்லை என்பதை அடுத்த வாரத்துப் பாய்கள் காட்டுகின்றன. திருவிழாவில் சப்பரம் சுமக்கத் தோள் வேண்டும், பந்தல் போடக் கை வேண்டும், பட்டியல் எழுதத் தலை வேண்டும். அங்கே மக்களுக்கு வேலை இருக்கிறது. ஞாயிறன்று அவர்கள் பார்வையாளர் மட்டுமே.

கூட்டத்தை நம்பி ஏமாந்த திருச்சபை ஒன்றை நாம் அறிவோம். 1979 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அயர்லாந்துக்குச் சென்றபோது, டப்ளின் நகரின் பீனிக்ஸ் பூங்காவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திருப்பலிக்குக் கூடினர். அந்நாளில் அந்நாட்டுக் கத்தோலிக்கரில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலியில் பங்கேற்றார்கள். இத்தகைய மக்களை எதுவும் அசைக்காது என்று அங்கிருந்த மேய்ப்பர்கள் நம்பினார்கள். 2009ஆம் ஆண்டில் அரசு அமைத்த ஆணையங்களின் இரண்டு அறிக்கைகள் வெளியாயின. திருச்சபையின் பொறுப்பிலிருந்த சிறார் அடைந்த கொடுமைகளையும், நற்பெயரைக் காக்க அவை மறைக்கப்பட்ட விதத்தையும் அவ்வறிக்கைகள் அம்பலப்படுத்தின. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது கூடியவர்கள் பழைய தொகையில் ஒரு சிறு பகுதியே. அயர்லாந்தின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் ஒன்று தெளிவு: மக்கள் சொல்ல வந்ததைக் கேட்க மறுத்த நிறுவனத்தை, அம்மக்கள் ஒருநாள் சொல்லாமலே விட்டுப் போனார்கள். பூங்காவில் நிறைந்த கூட்டம் அதைத் தடுக்கவில்லை.

எண்ணும் மேய்ப்பர்

காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போகிறது. தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு மேய்ப்பர் அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். மேய்ப்பரின் இரக்கத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டுவிட்டோம். அவ்விரக்கத்திற்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு செயலை நாம் கவனிப்பதில்லை. அந்த மேய்ப்பர் அன்று மாலை எண்ணியிருக்கிறார். எண்ணியிராவிடில், தொண்ணூற்றொன்பதும் நூறும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கும். பட்டியை அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பார்.

நாம் எதை எண்ணுகிறோம் என்று பார்ப்போம். ஞாயிறு மாலையில் காணிக்கை எண்ணப்படுகிறது. சில்லறை வரை குறிக்கப்படுகிறது. கோவில் வரி செலுத்தியோர் பெயரும் செலுத்தாதோர் பெயரும் ஏட்டில் உள்ளன. திருவிழா வரி பாக்கி வைத்தவர் யாரென்று, அவர் வீட்டில் திருமணமோ இறப்போ நேரும்போது நாம் மறவாமல் நினைவூட்டுகிறோம். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றிற்குப் பதிவேடுகள் வைக்கத் திருச்சபைச் சட்டம் பணிக்கிறது. அவற்றைச் செம்மையாகவே வைத்திருக்கிறோம். ஒருவர் நம்மிடம் வந்து சேர்ந்த நாளையும் கல்லறைக்குச் சென்ற நாளையும் நாம் அறிவோம். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அவர் நம்மோடு இருந்தாரா, எப்போது எழுந்து போனார் என்பதை எந்த ஏடும் சொல்வதில்லை. காசு குறைந்தால் அன்றே தெரிகிறது. ஆள் குறைந்தால் பத்தாண்டு கழித்து, அதுவும் பாய்களைப் பார்த்தே தெரிகிறது.

ஜெர்மனி நாட்டுத் திருச்சபை ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத்தில் ஒரு ஞாயிறும் நவம்பரில் ஒரு ஞாயிறும், எல்லாப் பங்குகளிலும் திருப்பலிக்கு வருவோரை எண்ணி, அதைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. 1950களில் அங்கே கத்தோலிக்கரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஞாயிறு திருப்பலிக்கு வந்தனர். 2024இல் அது நூற்றுக்கு 6.6 ஆகிவிட்டது. 2022இல் மட்டும் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முறைப்படி எழுதிக்கொடுத்து விலகினர். எண்ணியதால் அங்கே கோவில்கள் நிரம்பிவிடவில்லை. எண்ணுவது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் தம் நிலை என்ன என்பதில் அவர்கள் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது. நோயின் அளவை அறிந்தவரே மருந்தைப் பற்றி வாதிட முடியும். நாமோ வெப்பமானியைத் தொடாமலே காய்ச்சல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மக்கள் தொகையை எண்ணியதற்காகத் தாவீது அரசர் தண்டனைக்கு உள்ளாகவில்லையா என்று விவிலியம் கற்றவர் கேட்பார். தக்க கேள்விதான். தாவீது எண்ணியது வாளேந்தக் கூடிய ஆண்களை. தன் வலிமையைத் தானே கண்டு மகிழ. உவமையின் மேய்ப்பர் எண்ணியது, இல்லாத ஒன்றைக் கண்டறிய. இருப்பவரைக் காட்டிப் பெருமை கொள்வதற்கும், இல்லாதவரை நினைத்து உறக்கமிழப்பதற்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. நமது மலர்களிலும் விழா அழைப்பிதழ்களிலும் ‘ஆயிரம் குடும்பங்கள் கொண்ட பங்கு’ என்று அச்சிடும்போது நாம் தாவீதின் கணக்கையே எழுதுகிறோம். மேய்ப்பரின் கணக்கு இன்னும் தொடங்கப்படவில்லை.

‘எண்ணிக்கை பெரிதன்று, தரமே பெரிது’ என்பது இன்னொரு மறுப்பு. போனவர் போகட்டும், எஞ்சியோர் உறுதியாயிருப்பர் என்பது இதன் உட்பொருள். தொண்ணூற்றொன்பது நல்ல ஆடுகள் போதும் என்று சொல்லும் மேய்ப்பரை நற்செய்தியில் நாம் எங்கும் காணவில்லை.

கேட்டால் என்ன சொல்வார்கள்?

விலகியவரைத் தேடிச் சென்று கேட்டால் வரக்கூடிய விடைகள் நமக்கு முற்றிலும் தெரியாதவை அல்ல. தெருமுனையிலும் திருமண வீட்டிலும் அவை தாழ்ந்த குரலில் பேசப்படுகின்றன. கோவில் வளாகத்திற்குள் மட்டும் அவை வருவதில்லை.

முதலாவது, மறையுரை. நம் மக்கள் மேடைத் தமிழை இரசித்து வளர்ந்தவர்கள். நல்ல பேச்சுக்கு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள். அவர்களே மறையுரையின்போது வெளியேறுகிறார்கள் என்றால், குற்றம் கேட்கும் செவியில் மட்டும் இருக்க முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்னும் திருத்தூது ஊக்கவுரையில் மறையுரைக்கும் அதன் ஆயத்தத்திற்கும் நீண்டதொரு பகுதியை ஒதுக்கினார். மறையுரையால் கேட்போரும் துன்புறுகிறார்கள், உரைப்போரும் துன்புறுகிறார்கள் என்று அவரே எழுதினார். 2018இல் அது பத்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். நம் பங்குகளில் நாற்பது நிமிடம் நீளும் உரையில், அன்றைய வாசகம் பற்றி நான்கு நிமிடமும், கட்டட நிதி, வரி பாக்கி, சென்ற வாரத்தில் எவரோ பேசிய பேச்சுக்குப் பதில் ஆகியவை பற்றி மீதி நேரமும் செலவாவதுண்டு. பசித்து வந்தவர்க்கு இலை போட்டு விட்டுக் கணக்கு வாசிப்பது போன்றது இது. நன்கு ஆயத்தம் செய்து, மக்கள் வாழ்வைத் தொட்டுப் பேசும் குருக்கள் நம்மிடம் இருக்கிறார்கள்; அவர்கள் மறையுரையாற்றும் திருப்பலியில் மரநிழல் வெறுமையாகவே இருக்கிறது.

இரண்டாவது, கணக்கு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கட்டளையிடுகிறது. மக்கள் தரும் காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்பதும் அதே தொகுப்பில் உள்ளது. மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பங்குகளில் எவரும் முணுமுணுப்பதில்லை. ஒட்டாத பங்குகளில், நேர்மையான குருவின் மீதும் ஐயம் படிகிறது. கணக்குக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று கருதுவது தவறு. கணக்கை மறைப்பதே நம்பிக்கையைக் கெடுப்பது. 2021 முதல் 2024 வரை நடந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும், வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக் கூறுதலையும் திருச்சபை வாழ்வின் எல்லா நிலைகளிலும் வலியுறுத்தியது.

மூன்றாவது, எல்லாவற்றினும் கொடியது, சாதி. வடக்கன்குளம் நம் வரலாற்றில் மறக்கக்கூடாத ஊர். 1745இல் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அங்கேதான். எல்லாரையும் சமமாய் நடத்திய அந்தப் பொதுநிலையினர் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பீடத்தில் ஒன்றுசேரும் இரு தனிப்பகுதிகளாகக் கோவில் கட்டப்பட்டு, சாதிக்கொரு பகுதியாகச் சுவரிட்டுப் பிரிக்கப்பட்டது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கற்சுவர் போயிற்று, நெஞ்சுச் சுவர் போகவில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், கோவிலில் சமவுரிமை கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் இடையே எழுந்த பூசல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர்களைக் குடித்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவையே, சாதிப் பாகுபாடு பாவம் என்று அறிக்கையிட்டு, அதை ஒழிக்கக் கொள்கை வகுத்து வெளியிட்டது. கொள்கை அச்சாகிப் பல ஆண்டுகள் ஆயின. தேர் எந்தத் தெருவுக்குள் வரும், கல்லறையில் எவர் எங்கே என்ற வழக்குகள் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் இனச் சலுகையை இழந்தும், அதைவிடக் கிறிஸ்துவே பெரிதென்று நம்மோடு இருப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். நாடு மறுத்ததைத் தாங்கிக்கொண்டவருக்குக் கோவிலும் மறுத்தால், அவர் ஞாயிறன்று வீட்டிலிருப்பதை எந்த வாயால் கண்டிப்பது?

நான்காவது, பெண்களும் இளைஞரும். வாரநாள் திருப்பலியில் வரிசைகளை நிரப்புவோர் பெண்கள். கோவிலைக் கூட்டி மெழுகுவதும், பீடத்துக்குப் பூ வைப்பதும், மறைக்கல்வி கற்பிப்பதும் பெரும்பாலும் அவர்களே. வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி வழங்கலாம் என்று 2021 ஜனவரியில் திருச்சபைச் சட்டமே திருத்தப்பட்டது. இருப்பினும் பங்குப்பேரவை கூடும்போது அவர்கள் குரல் எவ்வளவு கேட்கிறது? இளைஞரை எடுத்துக்கொண்டால், திருவிழாவில் ஒலிபெருக்கி கட்ட அழைக்கிறோம். முடிவெடுக்கும் இடத்தில் ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்கிறோம். இருபது வயதில் அலுவலகத்தில் பொறுப்பேற்கும் ஒருவனுக்குக் கோவிலில் நாற்காலி தூக்கும் பொறுப்பு மட்டுமே தந்தால், பொறுப்புள்ள இடத்திலேயே அவன் மனம் தங்கும்.

இந்நான்கும் வெவ்வேறு புகார்கள் போலத் தோன்றினாலும் அடியில் ஒன்றே. தாம் கேட்கப்படுவதில்லை, தாம் கணக்கில் இல்லை என்பதே அது. வழிபாட்டில் மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் ஈடுபாட்டோடும் பங்கேற்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் அறிவித்தது. அதன் பயனாக இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. மொழி நம்முடையதாயிற்று, ஆனால் பங்கேற்பு இன்னும் வாயளவிலேயே நிற்கிறது.

பொதுநிலையினர் கடன்

இவ்வளவு சொன்னபின் பழி முழுவதையும் குருக்கள் மேல் ஏற்றிவிட்டு அமைதியாக இருப்பது எளிது; அது அறமாகாது. குருவுக்கு ஆறு கிளைக்கோவில்கள், ஒரு பள்ளி, ஒரு வழக்கு, ஓயாத கட்டட வேலை. அவர் தனியராய் எத்தனை வீடு செல்வார்? நம் முன்னோர் இதைக் குருக்களிடம் மட்டும் விட்டிருந்தால் இன்று நமக்குத் திருச்சபையே இருந்திராது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1830களின் இறுதியில்தான் அச்சபையினர் மதுரை மறைப்பரப்புத் தளத்திற்குத் திரும்பி வந்தனர். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்கள் மிகச் சிலரே. பல ஊர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருப்பலி கண்டாலே பெரிது. அந்நாளில் செபம் சொல்லிக் கொடுத்து, பிறந்த பிள்ளைக்குத் திருமுழுக்கு அளித்து, இறப்போர் அருகில் அமர்ந்து, வீட்டுக்கு வீடு விசாரித்து நம்பிக்கையைக் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்கள் பொதுநிலையினர். ஊரில் யார் செபத்துக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எண்ணும் மேய்ப்பரின் வேலையை அவர்கள் செய்தார்கள்.

1990களில் தமிழகமெங்கும் பரவிய அன்பியங்கள் இந்த மரபைப் புதுப்பிக்க வந்தவையே. இருபது முப்பது குடும்பங்கள் ஒருவரை ஒருவர் அறிந்து, வாசகத்தைப் பகிர்ந்து, துன்பத்தில் துணைநிற்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். உயிரோடிருக்கும் அன்பியங்கள் உள்ள இடத்தில் கோவிலும் உயிரோடிருக்கிறது. வேறு பல இடங்களிலோ அவை வரி வசூலிக்கவும், திருவிழா நாள்களைப் பங்கிடவும் பயன்படும் வட்டங்களாகச் சுருங்கிவிட்டன. வசூலுக்கு மட்டும் கதவைத் தட்டுபவரைக் கண்டால் எந்தக் கதவும் பாதிதான் திறக்கும்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டமன்று. ஆண்டுக்கு இருமுறை எல்லாத் திருப்பலிகளிலும் வருவோரை எண்ணுக. முந்தைய ஆண்டின் எண்ணோடு சேர்த்து அதை அறிவிப்புப் பலகையில் வெளியிடுக. வராத குடும்பங்களின் வீட்டுக்கு அன்பியத்திலிருந்து இருவர் இருவராகச் செல்க. வரிப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்க. அறிவுரை சொல்லாமல், என்ன நேர்ந்தது என்று மட்டும் கேட்க. கேட்டதைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்துப் பங்குப்பேரவையின் முன் வைக்க. எதைத் திருத்தினோம் என்பதை அடுத்த எண்ணிக்கை நாளில் மக்களுக்குச் சொல்க. வராதவர் பட்டியலைச் சான்றிதழ் மறுக்கவோ, கல்லறை மறுக்கவோ ஒருபோதும் பயன்படுத்தற்க. அப்படிப் பயன்படுத்தினால் மேய்ப்பரின் எண்ணிக்கை காவலரின் எண்ணிக்கையாகிவிடும், இருப்பவரும் ஓடிப்போவர்.

இவற்றைக் கேட்கப் பொதுநிலையினருக்கு என்ன உரிமை என்று எவரும் வினவ வேண்டியதில்லை. திருச்சபையின் நலன் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க நம்பிக்கையாளருக்கு உரிமையும், சில வேளைகளில் கடமையும் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 212 கூறுகிறது. குடும்பங்களைச் சந்தித்துத் தம் மக்களை அறிந்திருப்பதைப் பங்குத்தந்தையின் கடமையாகச் சட்டம் 529 வகுக்கிறது. எனவே நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை, எழுதப்பட்டதையே கேட்கிறோம்.

மனம் நொந்து வீட்டிலிருப்போருக்கும் ஒரு சொல் உண்டு. உங்கள் மௌனம் எவரையும் திருத்தவில்லை. நீங்கள் போனதை எவரும் கவனிக்காத இடத்தில், போவது எதிர்ப்பாகாது. திரும்பி வந்து, உங்கள் இடத்தில் அமர்ந்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்பவர் ஒருவராயிருந்தால் கலகக்காரர் என்பார்கள்; இருபது பேராயிருந்தால் பங்குப்பேரவை என்பார்கள்.

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு வேலை செய்வோம். நம் வரிசையில் முன்பு அமர்ந்திருந்து இப்போது வராத ஒருவரை நினைவுகூர்வோம். அவர் பெயர் தெரிந்தால் அன்று மாலையே அவர் வீட்டுக்குச் செல்வோம். பெயர் தெரியாவிட்டால், கோவிலில் கூட்டம் ஏன் குறைகிறது என்று வேறெவரையும் கேட்கவேண்டிய தேவை நமக்கில்லை.